ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் பத்து நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் முடிந்து பத்து நாள் லீவு. நீங்கள் இருவர், முழங்கால் வருத்தமுள்ள அம்மா, பறவைப் பைத்தியம் பிடித்த 13 வயது மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு ராஜஸ்தானில் கோட்டைகளும் தேசியப் பூங்காக்களும் பார்க்க வேண்டும். பயண முகவர் தந்த பட்டியலில் ஜெய்ப்பூர், ரணதம்பூர், உதய்பூர், சித்தூர், ஜோத்பூர், பிக்கானேர், ஜெய்சல்மேர் என்று ஏழு ஊர். இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவராது. ரணதம்பூரிலிருந்து ஜெய்சல்மேர் மட்டுமே அறுநூறு கிலோமீற்றருக்கு மேல், அதாவது யாழ்ப்பாணத்தில் ஏறினால் மாத்தறை போய், அதையும் தாண்டிக் கடலுக்குள் இறங்குகிற தூரம். பத்து நாளில் பாதி வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடும், அம்மாவின் முழங்காலும் சேர்ந்து கழிந்துவிடும். அதோடு ரணதம்பூரும் உதய்பூரும் பாலைவனமே இல்லை. ஒன்று புலிக்காடு, மற்றது ஏரிகள் உள்ள ஊர். நல்ல இடங்கள்தான், இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் புவியியல் படிப்பிக்கிறவன், தார்ப் பாலைவனத்துக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை இப்படித்தான் ஏழெட்டு ஊர் ஓடினேன், அந்தப் பயணத்தில் இன்றைக்கு ஞாபகம் இருப்பது பெற்றோல் நிலையங்களும் அவற்றின் கழிவறைகளும்தான்.

ஜோத்பூரில் மூன்று இரவு, ஜெய்சல்மேரில் நாலு இரவு, மிச்ச நாள் போய்வர. இதுதான் என் யோசனை. பலாலியில் ஏறி சென்னை, அங்கிருந்து டெல்லியிலோ மும்பையிலோ மாறி ஜோத்பூர். சென்னையிலிருந்து ரயிலிலும் போகலாம், ஆனால் இரண்டு நாள் பிடிக்கும், அம்மாவோடு வேண்டாம். இந்திய இ-விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்தியத் தொல்லியல் துறையின் கையில் உள்ள நினைவுச் சின்னங்களில் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியருக்கான கட்டணம்தான். மற்ற வெளிநாட்டுக்காரர் 600 ரூபா கொடுக்கிற இடத்தில் இலங்கைக்காரர் 40 ரூபாவோடு உள்ளே போகலாம். கவுண்டரில் இருக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் "ஸ்ரீலங்கா, சார்க்" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். ஆனால் மாநில அரசும் அரச குடும்பத்து அறக்கட்டளைகளும் நடத்துகிற கோட்டைகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது, அங்கே வெளிநாட்டுக் கட்டணம் கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள்.

உடுப்பு விஷயம். "நாங்கள் காணாத வெயிலா" என்று எங்கட ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். சித்திரை, வைகாசியில் அங்கே போவதை மறந்துவிடுங்கள். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடைப்பட்ட பலோடியில் 2016 மே மாதம் 51 பாகை செல்சியஸ் பதிவானது. நீங்கள் போகிற ஜனவரியில் பிரச்சினை வெயில் இல்லை, குளிர். பகலில் இதமாக 23, 24 பாகை இருக்கும், விடியப்புறம் ஏழெட்டுக்கு இறங்கிவிடும், திறந்த ஜீப்பில் அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போது பல்லுக் கிட்டிப்போகும். யாழ்ப்பாணத்தில் நல்ல ஸ்வெற்றர் வாங்குவது கஷ்டம். கனடாக்காரச் சொந்தம் விட்டுவிட்டுப் போன ஜக்கெற் யார் வீட்டு அலுமாரியிலாவது கிடக்கும், கேட்டு வாங்குங்கள். காற்றில் ஈரமே இல்லாதபடியால் வியர்ப்பது தெரியாது, இரண்டாம் நாளே உதடு வெடிக்கும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள். தாகம் எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மகனுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

சரி, இடங்களுக்கு வருகிறேன். அங்கே எதைப் பார்த்தாலும், கோட்டையோ பாழடைந்த ஊரோ பறவையோ, "இதுக்குத் தண்ணி எங்கிருந்து வந்தது" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வழிகாட்டிகள் ராஜா, ராணி, போர் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள், இதை நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். ஆறு ஓடாத ஊரில், நல்ல தண்ணிக் கிணறு எது உவர்க் கிணறு எது என்று பார்த்துக் காணி வாங்கிய எங்களுக்கு இந்தக் கேள்வி தானாக வர வேண்டும். எங்களுக்காவது வருஷத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை. ஜெய்சல்மேருக்கு 200கூட இல்லை.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையைக் காலை ஒன்பது மணிக்கே போய்ப் பாருங்கள். 1459இல் ராவ் ஜோதா தொடங்கியது, ஊருக்கு மேலே செங்குத்தான பாறையில் நிற்கிறது. அந்தப் பாறையில் தனியாக இருந்த ஒரு சாமியாரை எழுப்பிவிட்டுத்தான் கோட்டை கட்டினார்களாம், அவர் போகிற போக்கில் "உன் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும்" என்று சபித்தாராம். கதைதான், ஆனால் பாருங்கள், சாபத்துக்குக்கூட அந்த மண்ணில் தண்ணீர்தான் வருகிறது. கோட்டையின் காலடியில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது, 70 ஹெக்டேர், முகவர்களின் பட்டியலில் பெரும்பாலும் வராது. அந்தப் பாறை முழுவதும் சீமைக் கருவேலம் மூடிக் கிடந்தது. மேலே வெட்டினால் திரும்பத் தளிர்க்கிற சனியன் அது, வேரோடு எடுக்க வேண்டும், வேரோ பாறைக்குள். கடைசியில் கல்லுடைக்கிற தொழிலாளிகளைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே பாறையில் எங்கே வெடிப்பு என்று கண்டுபிடித்து உளியால் குடைந்து வேரை எடுத்தார்கள், அந்தக் குழிகளில் பாலைவனத்துச் செடிகளை நட்டார்கள். 2006இல் தொடங்கி 2011இல் ஆட்களுக்குத் திறந்தார்கள். மகனை அங்கே இரண்டு மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே, பழைய ஊருக்குள், 1740களில் கட்டிய தூர்ஜி படிக்கிணறு. பின்னேரம் போய்ப் படியில் இருந்து தேத்தண்ணி குடிக்க நல்ல இடம், அதற்குமேல் அங்கே வேலை இல்லை.

ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேஜ்ரலி என்ற கிராமம். 1730இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று வெட்டுப்பட்டார், அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர். என்ன மரம் தெரியுமா? அங்கே கேஜ்ரி என்கிறார்கள், எங்கட வன்னி மரம்தான் அது. விஜயதசமியன்று மானம்பூத் திருவிழாவில் வன்னி வாழை வெட்டு என்று சொல்கிறோமே, அதே வன்னி. இங்கே கோயில் வீதியில் ஒன்றிரண்டு பார்த்தால் உண்டு, அங்கே கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் அதுதான் மரம். ஆட்டுக்குத் தழை, மனிசருக்கு நிழல், பிஞ்சுக் காயைக் காயவைத்து, 'கேர்' என்ற இன்னொரு செடியின் காயோடு சேர்த்து 'கேர் சாங்ரி' என்று கறி வைக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கறி பிடிக்கும், புளிப்பும் உறைப்புமாக வத்தல் குழம்பு மாதிரி ஒரு பிடி. சோற்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கம்பு ரொட்டியும் நெய்யும்தான் சாப்பாடு.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு 280 கிலோமீற்றர், ஐந்து மணி நேர ஓட்டம். நேரே போகாமல் பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் என்ற கிராமத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். குர்ஜா என்று அந்த ஊரார் சொல்கிற ஒருவகைக் கொக்குகள் நடு ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் ஆயிரக்கணக்காக அங்கே வந்து இறங்குகின்றன, ஊர்ச்சனம் பல தலைமுறையாகத் தானியம் போட்டு வருகிறது. 2025இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். மண்டைதீவுப் பக்கம் பூநாரை கூட்டமாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த பெடியனுக்கே வாய் திறந்துபோகும், அவ்வளவு சத்தம். காலையில்தான் தானியத்துக்கு இறங்கும், ஆகவே அன்றைக்கு இருட்டோடு வெளிக்கிட வேண்டும். அதற்குப் பயந்தால் விட்டுவிடுங்கள், மதியம் போனால் வெறும் வளவுதான் பார்க்கலாம்.

ஜெய்சல்மேர் கோட்டை 1156இல் ராவல் ஜைசல் கட்டியது. மஞ்சள் மணற்கல், பின்னேர வெயிலில் உண்மையிலேயே தங்க நிறம்தான். ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை 2013இல் யுனெஸ்கோ ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னமாக்கியபோது இதுவும் அதில் ஒன்று. எங்கட யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி வெறும் கட்டடம் இல்லை இது, உள்ளே இன்றைக்கும் ஆயிரக்கணக்கான சனம் குடியிருக்கிறது: கடை, கோயில், பள்ளிக்குப் போகிற பிள்ளை, சந்துக்குள் படுத்திருக்கிற மாடு. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துவிட்டுப் போகிற இடம். நீங்கள் கொஞ்சம் நின்று அடிச்சுவரைப் பாருங்கள். மதில் கற்களைச் சாந்தே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள், குன்றின் அடியிலோ களிப்பாங்கான மென்மையான மண். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில், வருஷத்தில் சில நாள் மழையை வடிகாலால் வெளியே விட்டு எண்ணூறு வருஷம் நின்ற கோட்டை அது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, அதோடு வெளிநாட்டுக்காரருக்கு அறை, அறைக்கொரு குளியலறை. போகிற தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் ஊறி, களி பொருமி, சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. தண்ணீரில்லாமல் வாழப் பழகிய கோட்டையைத் தண்ணீர் தின்கிறது. நான் இரண்டாம் முறை போனபோது ஒரு சந்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், இடுப்பளவு உயரத்துக்குக் கருத்து, கையில் ஈரம் ஒட்டியது, நகத்தால் சுரண்டக் கல் சீனி மாதிரிக் கொட்டியது. வெளியே நாலு மாதமாக ஒரு துளி மழை இல்லை. ஆகவே கோட்டைக்குள் இருக்கிற விடுதியில் தங்காதீர்கள், எவ்வளவு வடிவான பல்கனி என்று காட்டினாலும். கீழே ஊருக்குள் தங்கினால் அறை ஜன்னலில் இருந்து முழுக் கோட்டையும் தெரியும், உள்ளே தங்கினால் கோட்டைதான் தெரியாது. கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களை முற்பகலிலேயே பார்த்துவிடுங்கள், தோற்பட்டி, தோல் கைப்பை உள்ளே விடமாட்டார்கள்.

அந்த ஊருக்கு நெடுங்காலம் குடிதண்ணீர் தந்தது கதீசர் ஏரி, பதினாலாம் நூற்றாண்டில் மழைநீர் தேக்க வெட்டியது, கேணியைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசல் கோபுரத்தை ஒரு கணிகை கட்டினாளாம், அவள் கட்டிய வாசலால் ராஜா போவதா என்று இடிக்கப் போனார்களாம், அவள் ராவோடு ராவாக மேலே கிருஷ்ணரை வைத்துக் கோயிலாக்கிவிட்டாளாம். இப்படிப்பட்ட புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

மேற்கே கொஞ்சத் தூரத்தில் குல்தரா, பாலிவால் பிராமணர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விட்டுப்போன கிராமம். ஒரே இரவில் ஊரே காலியானது, சாபம், பேய் என்றெல்லாம் வழிகாட்டி சொல்வான். கேட்டுச் சிரித்துவிட்டு அந்தச் சனம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 'கடீன்' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள்: பாறைச் சரிவில் ஓடிவருகிற மழைத் தண்ணீரைத் தாழ்வான இடத்தில் நீள மண் அணை போட்டு மறிப்பது, தண்ணீர் ஊறி வற்றினதும் அந்த ஈர மண்ணிலேயே கோதுமையும் கடலையும் விதைப்பது. பிறகு ஒரு துளி பாய்ச்ச வேண்டியதில்லை. 200 மில்லிமீற்றருக்கும் குறைந்த மழையில் கோதுமை! வழியில் எங்கேயாவது மஞ்சள் மண்ணுக்கு நடுவில் திடீரென்று ஒரு பச்சைத் துண்டு தெரிந்தால் வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கடீனாக இருக்கும். ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீடுகளைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை என்பதால் இடிந்த சுவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

இனி மகனின் விஷயம். பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீற்றர், எங்கட யாழ் மாவட்டத்தைப்போல மூன்று மடங்கு. பூங்கா என்றதும் வாசல், வேலி என்று நினைக்காதீர்கள், உள்ளே கிராமங்கள் உண்டு, ஆடு மேயும். நெடுந்தீவில் குதிரை பார்க்கப் போகிற மாதிரித்தான், எது பூங்கா எது ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மணல் மேடும் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் புல், பாறை, உப்புத்தரை. எல்லாரும் பார்க்கப் போவது கானமயில், ஆங்கிலத்தில் Great Indian Bustard என்கிற, புல்வெளியில் நடந்து திரிகிற பெரிய பறவை. (கானமயில் என்றதும் வான்கோழி ஞாபகம் வந்தால், அது காட்டில் ஆடுகிற சாதாரண மயில், இது வேறு பறவை.) ஒரு மீற்றர் உயரம், 15 கிலோ வரை பாரம். 150க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்கிறார்கள், பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான். வருஷத்துக்கு ஒரு முட்டை, அதையும் வெறுந்தரையில் இடும், நாயும் நரியும் விட்டால்தான் குஞ்சு. அதைவிடப் பெரிய எமன் மின்கம்பி. இந்தப் பறவைக்குக் கண் பக்கவாட்டில், நேர் முன்னால் சரியாகத் தெரியாது, கம்பியைக் காணும்போது திரும்ப நேரமிராது, இவ்வளவு பாரத்தோடு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் நல்லது என்று நாங்கள் படிப்பிக்கிறோம், அங்கே அவற்றின் கம்பிகள்தான் இதைக் கொல்கின்றன. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியில் போடச் சொன்னது, 2024இல் அந்த உத்தரவை மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டது. இன்னொரு பக்கம் அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

முதல் முறை நான் பகல் பதினொரு மணிக்குப் போய் ஆடு மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை வனத்துறை அனுமதியை முதல் நாளே எடுத்து, உள்ளூர் வழிகாட்டியோடு ஆறு மணிக்குப் பூங்காவுக்குள் இருக்கிற சுதாசரிப் பக்கம் போனோம். பனிமூட்டம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் புல்லுக்குள் ஒரு கட்டை நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கட்டை நடந்தது. வழிகாட்டி பேசாமல் என் தோளை அழுத்தினார். தொலைநோக்கியில் வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைக்கிற நடை. கோயில் தர்மகர்த்தா வீதி சுற்றி வருகிற மாதிரி. பத்து நிமிஷம், பிறகு பனிக்குள் போய்விட்டது. உங்கள் மகனுக்குக் கிடைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஜீப்பால் புல்லுக்குள் இறக்கிக் கிட்டப் போய்க் காட்டுகிறேன் என்று ஒரு ஓட்டுநர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கானமயில் இல்லாவிட்டாலும் சிங்காரா மான், பாலைவன நரி, குளிர்காலத்துக்கு வருகிற பெரிய கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள் என்று அவன் கொப்பி நிறையும். இரண்டு விடியப்புறம் ஒதுக்குங்கள், ஒன்று போதாது.

மணல் மேடு பார்க்க சம் என்ற இடத்துக்குத்தான் எல்லாரும் கூட்டிப்போவார்கள், ஊரிலிருந்து 40 கிலோமீற்றர். நாங்கள் அங்கே ஒரு கூடார விடுதியில் தங்கினோம், "பாலைவனத்தின் அமைதி" என்று விளம்பரம், இரவு பன்னிரண்டு வரை ஒலிபெருக்கியில் ஹிந்திப் பாட்டு, பக்கத்துக் கூடாரத்தில் வேறு பாட்டு. கூரி என்ற கிராமத்துப் பக்கம் அமைதி, அதற்குக் கேளுங்கள். ஒட்டகத்தில் அரை மணி நேரம் போதும்; மாமி ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு மூன்று நாள் நிமிராமல் நடந்தா. உங்கள் அம்மாவை ஒட்டக வண்டியில் ஏற்றுங்கள். மணற்காட்டு மணலில் உருண்டு விளையாடின யாழ்ப்பாணப் பிள்ளைக்கு மணல் பெரிய அதிசயமாக இராது, சூரியன் விழுகிற அரை மணி நேரம்தான் விசேஷம்.

திரும்புகிற வழியில் அகல் மரப் புதைபடிவப் பூங்கா, ஊரிலிருந்து 17 கிலோமீற்றர். 18 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகி நிலத்தில் கிடக்கின்றன, தகரக் கூரைக்குக் கீழே கம்பிக் கூட்டுக்குள். பார்த்தால் யாரோ பனங்குற்றியை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும், பட்டையின் வரிகூடத் தெரியும், தட்டினால் கல். கல்லான சிப்பிகளும் கிடைத்திருக்கின்றன, ஒரு காலத்தில் கடலும் இருந்த இடம். எங்கட சுண்ணாம்புக் கல்லில் சிப்பி பார்த்திருப்பானே, அதைவிட இது கன பழசு என்று மகனுக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும், நிழல் இல்லை.

எல்லைப் பக்கம் தனோட், லோங்கேவாலா என்று ஓட்டுநர்கள் ஆசை காட்டுவார்கள். இந்தியருக்குப் பிரச்சினை இல்லை. நாங்கள் தமிழ் பேசினாலும் அங்கே வெளிநாட்டுக்காரர், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய அந்தப் பகுதிக்கு எங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். "நான் கதைத்துக்கொள்கிறேன்" என்று சொல்கிற ஓட்டுநரோடு போகாதீர்கள். ட்ரோன் கமெராவையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெஹ்ரான்கரில் லிப்ற் இருக்கிறது, தனியாகக் காசு கட்ட வேண்டும், யோசிக்காமல் கட்டுங்கள், மேலே ஏறிவிட்டால் பிறகு இறக்கம்தான். ஜெய்சல்மேரில் கோட்டை வாசல் வரை ஓட்டோ போகும், அதற்குப் பிறகு தேய்ந்து வழுவழுத்த கல் பாவிய ஏற்றம், சாரிக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமான சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். இங்கேயே வாங்கி இரண்டு கிழமை போட்டுப் பழகட்டும்.